விலைக்குப் போனது எது? மைஎஸ்க்யூஎல் கைமாறிய வரலாறு

2009 டிசம்பர் 14 அன்று ஆரக்கிள் நிறுவனம் பத்து உறுதிமொழிகள் அடங்கிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்டு ஆணையிட்டிருக்கவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 740 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்திருந்த ஆரக்கிள், அந்தப் பெரும் சொத்தின் ஒரு மூலையில் கிடந்த மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளைத் தான் எவ்வாறு நடத்தப்போகிறது என்று உலகத்திற்கு வாக்களிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் விலையின்றித் தரவிறக்கலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று உரிமம் பெற்ற மென்பொருள் அது. அத்தகைய ஒன்று கைமாறுவதற்காக ஒரு கண்டத்தின் போட்டிச் சட்ட அதிகாரிகள் பல மாதங்கள் ஆய்வு நடத்தினர். எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை ஒருவர் விலைகொடுத்து வாங்கும்போது உண்மையில் கைமாறுவது எது என்பதே அந்த ஆய்வின் உள்ளீடாக இருந்த கேள்வி. அதற்குக் கிடைத்த விடை பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் முழுமையாகவில்லை.

மைஎஸ்க்யூஎல்லின் தொடக்கம் மிக எளியது. ஹெல்சிங்கியில் பிறந்த மைக்கேல் விடெனியுஸ், தாம் 1980களில் வளர்த்தெடுத்த யூனிரெக் என்னும் அட்டவணை மேலாண்மைக் கருவியை வைத்துக்கொண்டு டிசிஎக்ஸ் என்னும் ஸ்வீடிஷ் நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகியோர் அவருடைய கூட்டாளிகள். வலைத்தளங்கள் தோன்றத் தொடங்கிய காலத்தில், எஸ்க்யூஎல் மொழியில் வினவக்கூடிய ஒரு முகப்பு யூனிரெக் அட்டவணைகளுக்குத் தேவைப்பட்டது. டேவிட் ஹியூஸ் எழுதிய எம்எஸ்க்யூஎல் என்னும் சிறு தரவுத்தளத்தை இதற்குப் பயன்படுத்த முயன்றனர். அதன் வேகமும் நெகிழ்வும் போதவில்லை. எனவே அதன் நிரல் இடைமுகத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் தம் சொந்த அட்டவணைகளை இணைத்தனர். இடைமுகத்தைப் பின்பற்றியதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது: எம்எஸ்க்யூஎல்லுக்காகப் பிறர் எழுதியிருந்த கருவிகளைச் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒருவர் அமைத்த இடைமுகத்தை மற்றொருவர் எடுத்தாண்டு அவரைக் கடந்து செல்வது இந்தக் கதையில் முதலில் நிகழ்ந்தது இங்கேதான். 1995இல் பிறந்த இந்த மென்பொருளுக்கு விடெனியுஸ் தம் மகள் 'மை'யின் பெயரைச் சூட்டினார்.

தரவுத்தள அறிஞர்கள் தொடக்கத்தில் இதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு அதற்கு நியாயமும் இருந்தது. பரிவர்த்தனைகளைக் காக்கும் வசதியோ, அட்டவணைகளுக்கிடையிலான உறவின் ஒழுங்கை வலியுறுத்தும் வசதியோ அதில் இல்லை. வங்கிக் கணக்கை நம்பி ஒப்படைக்கத் தகாத கருவி அது. ஆனால் அன்றைய வலைத்தளங்கள் வங்கிகள் அல்ல. ஒருமுறை எழுதி ஆயிரம் முறை படிக்கப்படும் செய்திகளும் கருத்துகளும் பட்டியல்களுமே அவற்றின் உள்ளடக்கம். அந்த வேலைக்கு வேகமாகப் படிக்கும் திறனும் எளிதில் நிறுவும் வசதியும் போதும். லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி ஆகியவற்றோடு மைஎஸ்க்யூஎல் நான்காவதாகச் சேர்ந்து, அடுத்த பத்தாண்டு வலையின் அடித்தளமாயிற்று. விக்கிப்பீடியா, வேர்ட்பிரஸ், பேஸ்புக் ஆகியவை அதன்மீதே எழுந்தன.

2000ஆம் ஆண்டின் நடுவில்தான் மைஎஸ்க்யூஎல் குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ், அதாவது ஜிபிஎல் உரிமத்தின் கீழ், வந்தது. அதற்குமுன் பெரும்பாலோர் கட்டணமின்றிப் பயன்படுத்த இயன்றபோதும், வணிக நோக்கில் பிறருக்கு வழங்குவதற்குத் தடைகள் இருந்தன. உரிமம் மாறியவுடன் வருவாய் சரிந்தது. பின்னர் 2001இல் மார்ட்டன் மிக்கோஸ் தலைமையேற்ற மைஎஸ்க்யூஎல் ஏபி நிறுவனம் இரட்டை உரிமம் என்னும் வணிக முறையை முறைப்படுத்தியது. வரலாற்றில் பின்னால் நிகழ்ந்த அனைத்துக்கும் வித்து இந்த முறையில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வரும் நிரலைத் தம் மென்பொருளோடு இணைத்துப் பிறருக்கு வழங்குபவர், தம் மென்பொருளையும் அதே உரிமத்தின் கீழ் திறந்துவைக்க வேண்டும். தம் மூலநிரலை மறைத்துவைக்க விரும்பும் வணிகர்களுக்கு இது இடையூறு. அவர்களிடம் மைஎஸ்க்யூஎல் ஏபி சொன்னது இதுதான்: பணம் செலுத்துங்கள், ஜிபிஎல் அல்லாத வேறோர் உரிமத்தின் கீழ் அதே நிரலைத் தருகிறோம். இவ்வாறு ஒரே நிரலை இரு உரிமங்களில் வழங்குவதற்குப் பதிப்புரிமை முழுவதும் ஒரே கையில் இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து திருத்தம் அனுப்புவோர் தம் உரிமையை நிறுவனத்திற்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது அதனால்தான். லினக்ஸ் கருநிரலின் பதிப்புரிமை பல்லாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது. அதை எவரும் ஒட்டுமொத்தமாக விலைபேச இயலாது. மைஎஸ்க்யூஎல்லை விலைபேச இயன்றது. சமூகத்தின் உடைமை என்று கொண்டாடப்பட்ட மென்பொருள், சட்டத்தின் கண்ணில் ஒரு தனியாருடைய வீட்டுமனையைப் போல் பத்திரம் தெளிவான சொத்தாகவே இருந்தது.

அந்தச் சொத்திலிருந்து வருவாய் ஈட்டும் முயற்சி சில நேரங்களில் எல்லை கடந்தது. நிரல்களைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் வாடிக்கையாளர் நூலகம் முன்பு தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இருந்தது. அதை நிறுவனம் ஜிபிஎல்லுக்கு மாற்றியது. விளைவு, பிஎச்பி மொழியின் ஐந்தாம் பதிப்பில் அந்த நூலகம் உடன்சேர்த்து வழங்கப்படாமல் போயிற்று. தன்னை வளர்த்த தோழமையையே இழக்க நேரும் என்று உணர்ந்த நிறுவனம் 2004இல் திறமூல மென்பொருள்களுக்கென ஒரு விதிவிலக்கை அறிவித்துச் சமாதானம் செய்துகொண்டது. ஜிபிஎல்லின் கண்டிப்பைச் சுதந்திரத்தின் காவலாகக் காண்பவர்கள் உண்டு. ஜிபிஎல்மீது வணிகர்களுக்குள்ள அச்சமே வருவாயாக மாறக் காண்பவர்களும் உண்டு என்பதை இந்த நிகழ்வு காட்டியது.

முதல் எச்சரிக்கை மணி 2005 அக்டோபரில் ஒலித்தது. மைஎஸ்க்யூஎல்லின் கட்டமைப்பில் வினவலைப் பகுத்தறியும் மேலடுக்கும் தரவை வட்டில் எழுதிக் காக்கும் சேமிப்புப் பொறியும் வேறு வேறானவை. பொறியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பரிவர்த்தனைகளைக் காக்கும் திறனை மைஎஸ்க்யூஎல்லுக்கு அளித்த இன்னோடிபி என்னும் பொறி, ஹெய்க்கி டூரி என்பவர் ஃபின்லாந்தில் நிறுவிய இன்னோபேஸ் என்னும் சிறு நிறுவனத்தின் ஆக்கம். ஆரக்கிள் அந்த நிறுவனத்தைச் சத்தமின்றி வாங்கியது. நான்கு மாதங்களுக்குப் பின் பெர்க்லி டிபி பொறியை உருவாக்கிய ஸ்லீப்பிகேட்டையும் வாங்கியது. ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இன்னோடிபியைப் பயன்படுத்துவதை ஆரக்கிளால் தடுக்க இயலாது. ஆனால் வணிக உரிமத்தில் அதைச் சேர்த்து விற்பதற்கு இன்னோபேஸின் ஒப்பந்தம் தேவை. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது இப்போது ஆரக்கிளின் விருப்பம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, எனினும் பாடம் புரிந்தது. ஜிம் ஸ்டார்க்கியை அழைத்து ஃபால்கன் என்னும் மாற்றுப் பொறியை உருவாக்கும் வேலை தொடங்கியது. அது நிறைவேறவில்லை. மைஎஸ்க்யூஎல் ஏபி நிறுவனத்தையே வாங்கவும் ஆரக்கிள் முயன்றிருந்ததை மிக்கோஸ் 2006இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுந்த அதிர்ச்சியும் அங்கலாய்ப்பும் இந்தப் பின்னணியில் சற்று வியப்பளிக்கின்றன.

2008 ஜனவரியில் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல் ஏபியை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. திறமூல மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அன்று கிடைத்த விலைகளில் அது பெரியது. நிறுவனர்கள் செல்வரானார்கள். ஆண்டின் இறுதியில் 5.1 பதிப்பு, தீர்க்கப்படாத குறைகளுடன் வெளியிடப்படுவதாக விடெனியுஸ் பொதுவெளியில் குற்றஞ்சாட்டினார். 2009 பிப்ரவரியில் சன்னை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று, ஐபிஎம்முடன் சன் நடத்திய பேச்சு முறிந்த பின்னணியில், ஆரக்கிளின் அறிவிப்பு வந்தது.

அமெரிக்க நீதித்துறை ஆகஸ்டில் இசைவளித்தது. ஐரோப்பிய ஆணையம் அப்படி விட்டுவிடவில்லை. உலகின் முதன்மையான தனியுடைமைத் தரவுத்தள நிறுவனம் உலகின் முதன்மையான திறமூலத் தரவுத்தளத்தை வாங்குகிறது என்பதே, போட்டித் துறைப் பொறுப்பிலிருந்த நீலி குரூஸ் செப்டம்பர் 3 அன்று விரிவான ஆய்வைத் தொடங்கியதற்குச் சொன்ன காரணம். நவம்பர் 9 அன்று ஆணையம் தன் ஆட்சேபங்களை எழுத்தில் அளித்தது. தாமதத்தால் சன் மாதம் 10 கோடி டாலர் இழக்கிறது என்று லாரி எலிசன் பொதுமேடையில் கூறினார். அமெரிக்க மேலவை உறுப்பினர்கள் 59 பேர் ஆய்வை விரைந்து முடிக்குமாறு ஆணையத்திற்கு மடல் எழுதினர். ஒரு தரவுத்தளத்திற்காக அட்லாண்டிக்கின் இரு கரைகளும் எதிரெதிரே நின்ற காட்சி அதற்கு முன் காணப்படாதது.

இந்த வழக்கின் வளமான பகுதி அரசுகளுக்கு இடையிலான பூசல் அன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குள்ளேயே தோன்றிய பிளவே அது. ஜிபிஎல் உரிமத்தை வகுத்த ரிச்சர்ட் ஸ்டால்மன், வேறு இரு அமைப்புகளுடன் சேர்ந்து அக்டோபரில் குரூஸுக்கு மடல் எழுதி, மைஎஸ்க்யூஎல் ஆரக்கிளிடம் செல்வதைத் தடுக்க வேண்டினார். அவருடைய வாதத்தில் இரு இழைகள் இருந்தன. முதலாவது, மைஎஸ்க்யூஎல்லின் வளர்ச்சிக்குப் பணம் வந்த வழி வணிக உரிம விற்பனை. அந்த வழி பதிப்புரிமை உடையவருக்கு மட்டுமே திறந்திருக்கும். கிளைபிரித்து எடுத்துச் செல்பவருக்கு நிரல் கிடைக்கும். ஆனால் அந்த வருவாய் கிடைக்காது. இரண்டாவது, மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பின் கீழ் மட்டுமே வெளியிடப்பட்டிருந்தது. 'அல்லது அதன் பிந்தைய பதிப்பு' என்னும் வழக்கமான தொடர் அதில் இல்லை. எனவே மூன்றாம் பதிப்பின் கீழுள்ள நிரல்களோடு அதைச் சேர்க்க இயலாது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியும் உரிமையாளரிடமே இருக்கும்.

மறுபக்கம் நின்றவர் எபென் மோக்லென். ஸ்டால்மனின் அமைப்புக்குப் பல்லாண்டுகள் சட்ட ஆலோசகராக இருந்தவர். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை வகுத்ததில் முதன்மைப் பங்குள்ளவர். அவர் ஆணையத்திடம் அளித்த கருத்துரையின் சாரம் இது: பதிப்புரிமை பகைவர் கைக்குச் சென்றாலும் நிரல் உயிர்வாழ வேண்டும் என்பதற்காகவே ஜிபிஎல் வகுக்கப்பட்டது, ஒருமுறை வழங்கிய உரிமையை உரிமையாளர் திரும்பப் பெற இயலாது, ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல்லைப் புறக்கணித்தால் பிறர் அதை எடுத்து நடத்துவர். ஆரக்கிளால் மைஎஸ்க்யூஎல்லைக் கொல்ல முடியும் என்று ஆணையம் முடிவுசெய்தால், ஜிபிஎல் தன் அடிப்படை நோக்கத்தில் தோற்றுவிட்டது என்று சட்டம் அறிவிப்பதாகிவிடும். இந்த அச்சம் அவர் வாதத்தின் அடியில் ஓடியது எனக் கருத இடமுண்டு. உரிமத்தை வகுத்தவர் அதன் போதாமையைச் சொல்ல, அவருடைய வழக்கறிஞர் அதன் போதுமையை நிலைநாட்டிய இந்த முரண், மென்பொருள் சட்ட வரலாற்றைக் கற்கும் மாணவர்கள் தவறவிடக்கூடாத ஓர் இடம். தம் நிலைப்பாடு பலருக்குக் குழப்பம் தந்ததை உணர்ந்த ஸ்டால்மன், உரிம விதிவிலக்குகளை விற்பதைத் தாம் ஏற்பதேன் என்று விளக்கி 2010இல் தனிக் கட்டுரையே எழுத நேர்ந்தது.

விடெனியுஸின் நிலை இவ்விரண்டிலும் சேராதது. மைஎஸ்க்யூஎல்லை வேறொருவரிடம் ஒப்படைக்கவோ, தளர்வான உரிமத்தின் கீழ் வெளியிடவோ ஆரக்கிளைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று அவர் கோரினார். பல மொழிகளில் மனு எழுதி, பல்லாயிரம் கையொப்பங்கள் திரட்டினார். பதிப்புரிமையை ஒரே கையில் குவித்த வணிக முறையில் பங்கேற்று, அதை நல்ல விலைக்கு விற்ற பின், வாங்கியவர் மறுபடி விற்கக்கூடாது என்று கேட்பது எவ்வளவு பொருந்தும் என்று பலர் வினவினர். கேள்வி நியாயமானதே. எனினும் கேட்பவரின் தகுதி குறைவு என்பதால் கேட்கப்பட்ட பொருளின் நியாயம் குறைந்துவிடுவதில்லை. அவருடைய மனுவில் கையொப்பமிட்டோரில் பெரும்பாலோர் எதையும் விற்றவர்கள் அல்லர்.

ஆரக்கிளின் பத்து உறுதிமொழிகள் ஐந்தாண்டுக் காலத்திற்கானவை. சேமிப்புப் பொறிகளுக்கான இடைமுகத்தைத் தொடர்ந்து வழங்குதல், வருங்காலப் பதிப்புகளையும் ஜிபிஎல்லின் கீழ் வெளியிடுதல், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுச் செலவை சன் செலவிட்ட 2.4 கோடி டாலரைவிடக் கூடுதலாக வைத்தல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 2010 ஜனவரி 21 அன்று ஆணையம் நிபந்தனையின்றி இசைவளித்தது. போஸ்ட்கிரெஎஸ்க்யூஎல் என்னும் மற்றொரு திறமூலத் தரவுத்தளம் நம்பத்தகுந்த மாற்றாக இருப்பதையும், மைஎஸ்க்யூஎல்லின் கிளைகள் ஆரக்கிளைக் கட்டுப்படுத்தும் ஆற்றலாக வளரக்கூடும் என்பதையும் அது காரணங்களாகக் குறிப்பிட்டது.

அடுத்த ஓராண்டில் சன்னின் பிற திறமூல உடைமைகளுக்கு நேர்ந்தவை அச்சத்தை மெய்ப்பித்தன. ஓப்பன்சோலாரிஸ் நிறுத்தப்பட்டது. ஓப்பன் ஆபீஸின் ஆக்குநர்கள் 2010 செப்டம்பரில் வெளியேறி லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். ஹட்சன் என்னும் கருவியின் பெயர் யாருக்கு என்ற தகராறில் அதன் ஆக்குநர்கள் 2011 ஜனவரியில் ஜென்கின்ஸ் என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டு சென்றனர். ஒவ்வொரு முறையும் நிரலும் ஆட்களும் ஒரு பக்கம், பெயர் மறு பக்கம் என்று பாகம் பிரிந்தது.

மைஎஸ்க்யூஎல்லுக்கு அவ்வாறு நேரவில்லை. ஆரக்கிள் அதைக் கொல்லவும் இல்லை, பட்டினி போடவும் இல்லை. இன்னோடிபியும் மைஎஸ்க்யூஎல்லும் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ் வந்ததால் நீண்டநாள் முட்டுக்கட்டைகள் தீர்ந்தன. 2010 டிசம்பரில் வெளிவந்த 5.5 பதிப்பில் இன்னோடிபி இயல்புப் பொறியாயிற்று. 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பு, அறிஞர்கள் இருபதாண்டுகளாகக் குறையாகச் சொல்லிவந்தவற்றில் பலவற்றைத் தீர்த்தது. பொறியியல் அளவில் மட்டும் தீர்ப்பளித்தால், மைஎஸ்க்யூஎல் தன் வரலாற்றில் மிக ஒழுங்காக வளர்ந்த காலம் ஆரக்கிளின் காலம் என்றே சொல்ல வேண்டும். மாறியது கதவின் நிலை. 2011இல் சில வசதிகள் வணிகப் பதிப்புக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. 2012இல் புதிய பிழைத்திருத்தங்களுக்கான சோதனை நிரல்கள் வெளியீட்டில் காணாமற்போயின. பிழைகளைப் பற்றிய உரையாடலின் ஒரு பகுதி நிறுவனத்தின் உள்ளறைக்கு நகர்ந்தது. உரிமம் ஓர் எழுத்தும் மாறவில்லை. மூலநிரல் தொடர்ந்து கிடைத்தது. ஒரு திருத்தம் ஏன் செய்யப்பட்டது, எந்தச் சோதனையால் அது சரியென நிறுவப்பட்டது என்னும் அறிவுதான் வெளிவருவது குறைந்தது. ஜிபிஎல் மூலநிரலைக் கட்டாயப்படுத்தும். மூலநிரலின் வரலாற்றைக் கட்டாயப்படுத்தாது.

விடெனியுஸ் தம் இளைய மகள் மரியாவின் பெயரில் தொடங்கிய மரியாடிபி இதற்கிடையே வளர்ந்தது. 2013இல் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகியவை அதையே இயல்பாக வழங்கத் தொடங்கின. 2014இல் ரெட் ஹாட்டின் நிறுவனப் பதிப்பும், 2017இல் டெபியனும் அவ்வழி சென்றன. தொடக்கத்தில் ஒன்றை நீக்கி மற்றதை வைத்தால் வேறுபாடே தெரியாது என்பதே அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி நெடுநாள் நிற்கவில்லை. நகலாக்கத்தில் பரிவர்த்தனைகளை அடையாளப்படுத்தும் முறை, ஜேசன் தரவைச் சேமிக்கும் வடிவம் ஆகியவற்றில் இரண்டும் தனித்தனி வழி சென்றன. இன்று இவை பெயரளவில் உறவினர். பெருந்தளங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது பல மாதத் திட்டம்.

பிரஸ்ஸல்ஸில் வாதிட்ட இரு தரப்பினரும் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. ஆய்வு உச்சத்தில் இருந்த 2009 அக்டோபரில் அமேசான் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லை வாடகைக்கு விடும் ஆர்டிஎஸ் சேவையைத் தொடங்கியது. ஜிபிஎல்லின் கடமைகள் நிரலைப் பிறருக்கு வழங்கும்போதுதான் எழுகின்றன. தன் கணினியில் ஓடவிட்டு, அதன் பயனை இணையம் வழியே விற்பவர் எதையும் வழங்குவதில்லை. எனவே எதையும் திறக்க வேண்டியதில்லை. இரட்டை உரிமத்தை வாங்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. 2014இல் அறிவிக்கப்பட்ட அரோரா, மைஎஸ்க்யூஎல்லின் அடியிலிருந்த சேமிப்பு அடுக்கையே மாற்றியமைத்த அமேசானின் தனியுடைமை. ஆரக்கிளும் அதே பாதைக்கு வந்தது: 2020இல் அது அறிவித்த ஹீட்வேவ் என்னும் விரைவுப் பகுப்பாய்வுப் பொறி கிளவுட் சேவையில் மட்டுமே கிடைப்பது. ஆக, ஸ்டால்மன் அஞ்சிய வருவாய் ஏகபோகமும் மோக்லென் நம்பிய கிளைபிரிக்கும் உரிமையும் ஒரே நேரத்தில் மதிப்பிழந்தன.

இனி மரியாடிபியின் சொந்தக் கதை. மோக்லென் சொன்னபடி நிரல் பிழைத்தது. ஸ்டால்மன் சொன்னபடி பணம் கூடவரவில்லை. அதன் வணிக நிறுவனம் பல சுற்று முதலீடுகளைப் பெற்று, 67.2 கோடி டாலர் மதிப்பிட்ட ஓர் இணைப்பின் மூலம் 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குச் சென்றது. பங்கு விலை சரிந்தது. 2023இல் கிளவுட் சேவையும் கைவிடப்பட்டது. 2024 செப்டம்பரில் கே1 என்னும் தனியார் முதலீட்டு நிறுவனம் அதைப் பங்கு ஒன்றுக்கு 55 சென்ட் வீதம், ஏறத்தாழ 3.7 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. கையகப்படுத்தலுக்கு எதிராகப் பிறந்த கிளை தானும் கையகப்படுத்தப்பட்டது.

இங்கே எவரும் திட்டமிடாத ஒரு காப்பு செயல்பட்டது. அண்மை ஆண்டுகளில் தரவுத்தள நிறுவனங்கள் பல திறமூல உரிமத்தைக் கைவிட்டன: 2018இல் மாங்கோடிபி, 2019இல் காக்ரோச்டிபி, 2021இல் எலாஸ்டிக், 2024இல் ரெடிஸ். மரியாடிபி நிறுவனமும் இந்த மனப்போக்குக்கு அயலது அன்று. காக்ரோச்டிபியும் பின்னர் ஹஷிகார்ப்பும் ஏற்ற வணிக மூல உரிமத்தை வகுத்ததே அந்த வட்டம்தான். 2016இல் தன் மேக்ஸ்ஸ்கேல் மென்பொருளை அந்நிறுவனம் அவ்வுரிமத்துக்கு மாற்றியது. ஆனால் மரியாடிபி தரவுத்தள வழங்கியை அவ்வாறு மாற்ற அதனால் இயலாது. அதன் அடித்தள நிரலின் பதிப்புரிமை இன்றும் ஆரக்கிளிடம் இருக்கிறது. ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பின் கீழ் மட்டுமே அதைப் பிறர் வழங்க முடியும். எந்த உரிமக் குறையை ஸ்டால்மன் 2009இல் பூட்டு என்று சுட்டினாரோ, அதே பூட்டு மரியாடிபியை அதன் புதிய உரிமையாளர்களிடமிருந்தும் காக்கிறது. ஆரக்கிளிடமிருந்து தப்பிய கிளைக்கு ஆரக்கிளின் பதிப்புரிமையே அரணாக நிற்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

ஆணையம் மாற்றாகச் சுட்டிய போஸ்ட்கிரெஎஸ்க்யூஎல், 2023இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய நிரலாளர் கணிப்பில் மைஎஸ்க்யூஎல்லை முந்தி முதலிடம் பெற்றது. அதன் பதிப்புரிமை எந்த நிறுவனத்திடமும் குவிந்திருக்கவில்லை. 2001இல் அதை ஆதரித்த கிரேட் பிரிட்ஜ் நிறுவனம் மூடப்பட்டபோது ஆக்குநர்கள் வேறு இடங்களில் பணிக்குச் சேர்ந்து அதே நிரலை எழுதிக்கொண்டிருந்தனர். வாங்குவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. இந்திய அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கை, மூலநிரல் கிடைப்பதையும் உரிமத்தொகை இல்லாமையையும் திறமூலத்தின் அடையாளங்களாகக் கொண்டது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஎஸ்க்யூஎல் இரண்டும் அந்தத் தேர்வில் சமமாகவே தேறும். பதிப்புரிமை எத்தனை கைகளில் இருக்கிறது என்ற வேறுபாடு அந்த இரு அடையாளங்களால் புலப்படாது.

மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பிற்கான ஆதரவுக் காலத்தின் முடிவு 2026 ஏப்ரல் என்று ஆரக்கிள் அறிவித்திருந்தது. அது பொருட்படுத்தத்தக்க செய்தியாக எட்டிய இடங்களில் நம் பல்கலைக்கழக நூலகங்களும் அடங்கும். அவற்றில் பரவலாக உள்ள கோஹா நூலக மென்பொருள் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபியின்மீது ஓடுவது. அத்தகைய நூலகங்கள் பலவற்றில் வழங்கிக் கணினி டெபியன் இயங்குதளத்தில் இருக்கும். அங்கே இயல்பான மைஎஸ்க்யூஎல் வழங்கியை நிறுவுமாறு அதற்குரிய தொகுப்பின் பெயரால் கேட்டால், வந்து இறங்குவது மரியாடிபி. நூலகர் பழைய பழக்கத்தில் 'மைஎஸ்க்யூஎல்' என்னும் கட்டளையையே தட்டுகிறார். அதற்கு மறுமொழி சொல்வது தங்கையின் பெயரைச் சுமக்கும் நிரல்.